உறங்கும் சாரதியும் ஓடும் மின்பிறப்பாக்கியும்

2024 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் திகதி, இந்தியாவின் கேரள மாநிலத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் வடகரா நகருக்கு அருகே, நெடுஞ்சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கரவன் வாகனமொன்றினுள் இருவர் இறந்து கிடக்கக் காணப்பட்டனர். ஒருவர் அவ்வாகனத்தின் சாரதி. மற்றவர் அவருடன் பணியாற்றியவர். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் இளைப்பாறுவதற்காக வாகனத்தை நிறுத்தி, மின்பிறப்பாக்கியை இயக்கி, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு உறங்கியவர்கள் மீண்டும் விழிக்கவில்லை. பிரேத பரிசோதனையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவே மரணத்துக்குக் காரணமெனத் தெரியவந்தது.

அந்த வாயு வாகனத்தினுள் எப்படி நுழைந்தது என்பதை அறிவதற்காகக் கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அதே வாகனத்தில் பரிசோதனை நடத்தினர். மின்பிறப்பாக்கியின் புகை வாகனத்தின் தளத்திலிருந்த துவாரமொன்றின் ஊடாக உள்ளே ஏறியது என்பதும், இரண்டு மணித்தியாலங்களுக்குள் உள்ளிருந்த காற்றின் பத்து இலட்சம் பங்குகளில் 957 பங்கு நச்சு வாயுவாக மாறியது என்பதும் அப்பரிசோதனையில் வெளியாகின. அடைக்கப்படாத ஒரு துவாரமே இரண்டு உயிர்களைக் குடித்தது.

கேரளத்தில் நடந்த இச்சம்பவத்தைக் கண்டியில் இருந்துகொண்டு நாம் ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கின்றது. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி சகிதம் மலைநாட்டைச் சுற்றிவரும் கேம்பர் வான்கள் இன்று நமது வீதிகளுக்குப் புதியவை அல்ல. ஹந்தானை, நக்கிள்ஸ், றம்பொடை, நுவரெலியா என்று அவை செல்லாத இடமில்லை. இவற்றுக்கு அப்பால், நடமாடும் உணவுக்கடைகள், நடமாடும் மருத்துவ முகாம் வாகனங்கள், ஒலிபெருக்கி பூட்டிய லொறிகள், திருமண வீடுகளுக்கும் ஆலயத் திருவிழாக்களுக்கும் மின்விளக்கு அலங்காரம் செய்வோரின் வாகனங்கள் எனச் சிறிய மின்பிறப்பாக்கியைச் சுமந்து செல்லும் வாகனங்கள் எத்தனையோ உள்ளன. இவற்றுள் பல, ஊர்க் கராஜ்களில் பழைய வான்களையும் சிறிய பஸ்களையும் வெட்டி ஒட்டி மாற்றியமைக்கப்பட்டவை.

நமக்கு மின்பிறப்பாக்கியோடு பழக்கம் வந்த விதமும் ஒரு காரணமாகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாகிய நாட்களில் வீடு, கடை, பள்ளிவாசல், கோயில் என்று எங்கும் இவ்வியந்திரம் தேடப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி கொண்டுவந்த பெருமழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தை மிக மோசமாகத் தாக்கியபோது, மின்சாரமற்ற கிராமங்களில் இரவைக் கடத்த உதவியதும் இதுவே. இவ்வாறு பழகிப்போன பொருளுக்கு நாம் அஞ்சுவதில்லை. ஆனால் திறந்த முற்றத்தில் வைக்கும் மின்பிறப்பாக்கி வேறு. நான்கு பக்கமும் அடைத்த வாகனத்தில் பூட்டும் மின்பிறப்பாக்கி வேறு.

மணமில்லாத பகைவன்

பெற்றோல், டீசல், எரிவாயு, விறகு, கரி எதுவாயினும் முழுமையாக எரியாதபோது காபனோரொட்சைட்டு உண்டாகின்றது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. புகை மணம் வந்தால் எழுந்துவிடலாம் என்று எண்ணுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மணப்பது புகையிலுள்ள வேறு பொருள்களே. கொல்லும் வாயு மணப்பதில்லை.

நமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமந்து உடலெங்கும் கொண்டுசெல்கின்றது. காபனோரொட்சைட்டோ, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்கின்றது. நெஞ்சு மூச்சை இழுத்துக்கொண்டேயிருக்கும்; ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஒட்சிசன் போய்ச் சேராது. காற்றின் பத்து இலட்சம் பங்குகளில் 200 பங்கு இவ்வாயு இருந்தால் இரண்டு மூன்று மணித்தியாலங்களில் தலைவலி தொடங்கும். 400 பங்கு இருந்தால் மூன்று மணித்தியாலங்களுக்குப் பின்னர் உயிருக்கே ஆபத்து. 800 பங்கு இருந்தால் முக்கால் மணித்தியாலத்தில் தலைச்சுற்றும் குமட்டலும் வந்து, இரண்டு மணித்தியாலத்தில் நினைவு தவறி, அதன்பின் மரணம் நேரலாம். வடகராவில் அளக்கப்பட்ட 957 இந்த எல்லையையும் தாண்டியதாகும்.

மலைநாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தலைவலி, குமட்டல், வாந்தி, சோர்வு என்பனவே இந்நஞ்சின் முதல் அறிகுறிகள். கடுகண்ணாவை, றம்பொடை வளைவுகளில் ஏறிவந்த பயணிக்கு இவை வந்தால், ‘வளைவில் வந்ததால் தலை சுற்றுகின்றது’ என்று சொல்லிப் படுக்க வைப்பதே வழக்கம். படுக்க வைக்கும் இடமோ நஞ்சு நிறைந்த அதே வாகனம். ஆகவே ஒரு விதியை மனதிற் பதித்துக்கொள்வது நல்லது. ஒரே வாகனத்தில் இருக்கும் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே வேளையில் தலைவலி கண்டாலோ, வெளியே வந்தவுடன் சுகமாகி உள்ளே சென்றவுடன் மீண்டும் வந்தாலோ, காற்றையே சந்தேகிக்க வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளர்கள் ஏனையோரைவிட விரைவாகப் பாதிக்கப்படுவர்.

உறங்குவோரின் நிலை இன்னும் பரிதாபமானது. விழித்திருப்பவனுக்குத் தலைவலியேனும் எச்சரிக்கை செய்யும். உறங்குபவன் உறக்கத்திலிருந்தே மயக்கத்துக்குச் சென்றுவிடுவான்.

புகை எந்த வழியாக வருகின்றது?

‘எங்கள் மின்பிறப்பாக்கி வாகனத்துக்கு உள்ளே இல்லை, பின்னால் தனிப் பெட்டியில் இருக்கின்றது’ என்று பலர் ஆறுதலடைவர். வடகராவில் புகை ஏறியது தளத்தின் துவாரத்தினூடாக என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். வாகனத்தை மாற்றியமைக்கும்போது மின்கம்பிக்கு ஒரு துளை, நீர்க்குழாய்க்கு ஒரு துளை, குளிரூட்டிக் குழாய்க்கு ஒரு துளை எனத் தளத்தில் பல துளைகள் இடப்படுகின்றன. வேலை முடிந்த பின் அவற்றை அடைக்கும் பொறுமை எல்லாருக்கும் இருப்பதில்லை. பழைய வாகனமாயின் துருப்பிடித்த தகடும், காய்ந்து வெடித்த கதவு இறப்பரும் வேறு வழிகளைத் திறந்துவிடும்.

ஓடும் வாகனத்தின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், பின்னால் வெளியேறும் புகை சுழன்று மீண்டும் வாகனத்தையே பற்றும். அவ்வேளை பின் ஜன்னல் திறந்திருப்பின் புகை உள்ளே வந்துவிடும். நிறுத்திய வாகனத்தில் காற்றுவெளியேற்றும் விசிறி சுழலும்போது, உள்ளிருந்து போகும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று கீழ்த்துவாரங்களால் இழுக்கப்படும். அந்த வெளிக்காற்றில் புகை கலந்திருக்கலாம்.

நிறுத்தும் இடமும் முக்கியமானது. ஒரு பக்கம் மண் அணை, மறுபக்கம் மதிற்சுவர் என்றுள்ள ஒடுங்கிய இடங்களே கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் அதிகம். அத்தகைய இடத்தில் காற்றோட்டமின்றிப் புகை தேங்கி நிற்கும். மழைக்காக மின்பிறப்பாக்கியின் மேல் தறப்பாள் கட்டினால், அத்தறப்பாளே புகையை வாகனத்தை நோக்கித் திருப்பிவிடும். எசல பெரஹரா காலத்தில் கண்டியிலும், சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணியிலும் வாகனங்கள் நெருக்கமாக நிறுத்தப்படும்போது, நமது வாகனத்தில் எவ்விதக் குறையும் இல்லாவிடினும் பக்கத்து வாகனத்தின் புகை நமது ஜன்னலுக்கு வரலாம் என்பதையும் மறக்கலாகாது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது விதி, கையால் தூக்கிச் செல்லும் சாதாரண மின்பிறப்பாக்கியை வாகனத்தின் உட்புறத்திலோ, சாமான் வைக்கும் பின்பகுதியிலோ வைத்து ஒருபோதும் இயக்கக்கூடாது என்பதாகும். கதவைத் திறந்து வைத்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் இவ்விதிக்கு விலக்கில்லை. அத்தகைய இயந்திரம் ஒன்று, நூற்றுக்கணக்கான கார்கள் வெளியிடும் அளவு காபனோரொட்சைட்டை வெளியிடக்கூடியது என அமெரிக்காவின் நுகர்வோர் பொருட்பாதுகாப்பு ஆணைக்குழு எச்சரித்துள்ளது. கார்களின் புகைபோக்கியில் நஞ்சைக் குறைக்கும் சாதனம் உண்டு. சிறிய மின்பிறப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. இவ்வகை இயந்திரத்தைக் கீழே இறக்கி, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது ஆறு மீற்றர் தொலைவில், புகைபோக்கி வாகனத்துக்கு எதிர்ப்புறம் நோக்க வைத்தே இயக்க வேண்டும்.

நிரந்தரமாகப் பூட்டுவதாயின், வாகனங்களுக்கெனவே தயாரிக்கப்பட்ட மின்பிறப்பாக்கியைத் தெரிவு செய்ய வேண்டும். அதனை வைக்கும் பெட்டி வாகனத்தின் வெளிப்புறமாக மட்டுமே திறக்க வேண்டும். பெட்டியின் உட்சுவர்கள் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டாலானவையாகவும், மூட்டுகள் யாவும் காற்றுப் புகாதவாறு அடைக்கப்பட்டவையாகவும் இருத்தல் அவசியம். கம்பிகள் வெளிவரும் துளைகளைத் தீயைத் தாங்கும் பசையால் அடைக்க வேண்டும். இயந்திரத்தைத் தாங்கும் சட்டம் வாகனத்தின் அடிச்சட்டத்தோடு ஆணிகொண்டு இறுக்கப்பட்டு, இடையில் அதிர்வைத் தாங்கும் இறப்பர் வைக்கப்பட வேண்டும். மலைப்பாதையின் குலுக்கலில் தளரும் ஓர் ஆணி, புகைக்குழாயின் மூட்டைப் பிளந்துவிடப் போதுமானது.

புகைக்குழாயை வாகனத்தின் அடியில் முடித்துவிடுவது நாம் அடிக்கடி காணும் தவறாகும். குழாயின் வாய் வாகனத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். அதற்கு மேலே திறக்கும் ஜன்னலோ காற்றுத்துவாரமோ இருத்தலாகாது. நமது நாட்டில் பயணிகள் ஏறும் கதவு இடப்பக்கத்தில் இருப்பதாலும், கூடாரமும் கதிரையும் அப்பக்கமே போடப்படுவதாலும், குழாயின் வாயை அப்பக்கம் வைக்கக்கூடாது. நிறுத்தியிருக்கும்போது குழாயோடு நிமிர்ந்த நீட்டுக்குழாய் ஒன்றைப் பொருத்திப் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுவது மேலும் நல்லது.

இரைச்சலைக் குறைப்பதற்காகப் பெட்டிக்குள் ரெஜிபோம், பஞ்சு, பழைய மெத்தைத் துண்டு ஆகியவற்றைத் திணிப்போர் உள்ளனர். இது தீயை விலைக்கு வாங்குவதாகும். குளிர்ந்த காற்று உள்ளே வரவும் சூடான காற்று வெளியே போகவும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடைவெளியைக் குறைக்காமல் விட வேண்டும். காற்று குறைந்தால் இயந்திரம் சூடேறுவதோடு, எரிபொருள் சரிவர எரியாமல் நச்சு வாயுவும் பெருகும்.

எரிபொருளை நிரப்புவது இயந்திரம் ஆறிய பின்னரே. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகள் நமக்குப் பழக்கிவிட்ட போத்தல் பெற்றோலும் கலன் பெற்றோலும் வாகனத்தின் உள்ளே இருக்கவே கூடாது. சமையல் எரிவாயுச் சிலிண்டரை மின்பிறப்பாக்கிப் பெட்டியிலிருந்து பிரித்து, அடியில் வெளிப்புறம் நோக்கித் துவாரமுள்ள தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து சென்று தீப்பொறியைத் தேடும். தீயணைப்பான் ஒன்றை மின்பிறப்பாக்கிக்கு அருகிலல்லாது கதவுக்கு அருகில் வைப்பதே முறை. வாகனத்தின் உடலமைப்பில் மாற்றம் செய்வோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெற்றுக்கொள்வது பின்னர் வரும் வில்லங்கங்களைத் தவிர்க்கும்.

உயரம் ஏற ஏற வலு குறையும்

சமவெளியில் நன்றாக ஓடிய மின்பிறப்பாக்கி நுவரெலியாவில் திணறுவதைக் கண்டு, இயந்திரம் பழுது என்று பலர் எண்ணுவர். உயரம் கூடக்கூடக் காற்று அடர்த்தி குறைவதே காரணம். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ மூன்றரை வீத வலு இழக்கப்படும் என்பது பொதுக் கணக்கு. கண்டி நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு இழப்பு ஆறு வீதமளவே. சுமார் 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். 2,000 வாற்று என்று எழுதப்பட்ட இயந்திரம் அங்கு 1,600 வாற்றையும் எட்டாது.

வலு குறைவதோடு விடயம் முடியவில்லை. காபரேற்றர் கொண்ட பழைய வகை இயந்திரம் உயரத்தில் காற்றுக்குப் பொருத்தமற்ற அளவு அதிக பெற்றோலை எரிக்க முயலும். அது முழுமையாக எரியாதாகையால் காபனோரொட்சைட்டு மேலும் பெருகும். அதே உயரத்தில்தான் குளிர் தாங்காமல் நாம் எல்லா ஜன்னல்களையும் அடைக்கின்றோம். நஞ்சு கூடும் இடமும் காற்று அடைபடும் இடமும் ஒன்றாகிவிடுவதே மலைநாட்டின் தனி ஆபத்தாகும்.

மின்சாரத்தின் பக்கம்

வாங்கும் முன் கணக்கிட வேண்டும். சிறிய குளிர்சாதனப் பெட்டி 100 வாற்று, விசிறி 50, விளக்குகள் 30, சோறு சமைக்கும் மின்பானை 500, சிறிய குளிரூட்டி 900 என்று கொண்டால் கூட்டுத்தொகை 1,580 ஆகின்றது. மின் கேத்தல் ஒன்று தனியாகவே 2,000 வாற்று இழுக்கக்கூடும். குளிரூட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பல மடங்கு மின்னை இழுப்பவை. ஆகவே கூட்டுத்தொகைக்குச் சமமான இயந்திரம் போதாது. தாராளமான இடைவெளி வேண்டும்.

அடுத்தது மின்னதிர்ச்சி. வீடுகளில் உயிரைக் காக்கும் ட்ரிப் சுவிட்சை வாகனத்திலும் பூட்டிவிட்டால் போதும் என்பது பொதுவான நம்பிக்கை. 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கையால் தூக்கும் மின்பிறப்பாக்கிகள் பலவற்றில் நொதுமற்கம்பி அதன் உடற்சட்டத்தோடு இணைக்கப்படாமல் தனித்து நிற்கின்றது. அந்நிலையில் கசியும் மின்னுக்குத் திரும்பிச் செல்லும் பாதை இல்லாததால் ட்ரிப் சுவிட்ச் எதிர்பார்த்தவாறு இயங்காது. நொதுமற்கம்பியையும் புவிக்கம்பியையும் எங்கே, எவ்வாறு இணைப்பது என்பதும், வாகனத்தின் உலோக உடலைப் புவிக்கம்பியோடு சேர்ப்பதும் தகுதிபெற்ற மின்தொழில்நுட்பவியலாளர் செய்ய வேண்டிய வேலைகள். பொத்தானை அழுத்திப் பார்ப்பது மட்டும் பரிசோதனையாகாது. உரிய கருவியால் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

வாகனத்தை வீட்டு மின்சாரத்திலும் செருகுவதாயின், இரண்டில் ஒன்று மட்டுமே இணையக்கூடிய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும். மின்வெட்டின்போது இரு முனையும் ஆண் செருகியுள்ள வயரால் வீட்டுப் பிளக்கில் மின்பிறப்பாக்கியைக் கொளுவும் வழக்கம் கொலைக்கு ஒப்பானது. அந்த 230 வோல்ற்று மின் வெளிக்கம்பியால் பின்னோக்கிச் சென்று, மின்மாற்றியில் ஆயிரக்கணக்கான வோல்ற்றுகளாக உயர்ந்து, மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரைத் தாக்கும். மண்சரிவில் அறுந்த கம்பிகளை மழையில் நின்று பழுதுபார்த்துத் தந்தவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவாகலாகாது.

எச்சரிக்கைக் கருவி ஒன்று

மணமில்லாத வாயுவைக் கண்டறியக் கருவியே துணை. காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கையடக்கமானது, பற்றரியில் இயங்குவது. வாங்கும்போது வாகனங்களுக்கும் படகுகளுக்கும் உரிய ஐரோப்பியத் தரமான ஈஎன் 50291 இன் இரண்டாம் பகுதிக்கு அமைந்ததா என்று பார்க்க வேண்டும். குலுக்கலையும் வெப்பநிலை மாற்றத்தையும் தாங்குமா என்பதை அத்தரம் சோதிக்கின்றது. அளவை இலக்கத்தில் காட்டும் கருவி மேலும் பயனுள்ளது. இந்த வாயு ஏறத்தாழக் காற்றின் பாரமே உடையதாதலால், கருவியைப் படுக்கைக்கு அருகே, தலை இருக்கும் மட்டத்தில் பொருத்த வேண்டும். எரிவாயுக் கசிவை அறியும் கருவி வேறு. அது தரையோரம் இருக்க வேண்டும். இவற்றின் உணரிகள் சில ஆண்டுகளில் செயலிழந்துவிடுவதால், கருவியில் அச்சிடப்பட்டுள்ள முடிவுத் திகதியைக் கவனிப்பதும் அவசியம்.

மின்பிறப்பாக்கி பூட்டி முடிந்ததும், கராஜுக்குப் பணம் கொடுக்கும் முன், எவரும் செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. வாகனத்தினுள் இக்கருவியை வைத்து, கதவு ஜன்னல்களை அடைத்து, உள்ளே எவரும் இல்லாமல் இரண்டு மணித்தியாலம் மின்பிறப்பாக்கியை ஓடவிடுங்கள். கண்ணாடியினூடாக இலக்கத்தைப் பாருங்கள். பின்னர் காற்றுவெளியேற்றும் விசிறியையும் போட்டு மீண்டும் பாருங்கள். இலக்கம் பூச்சியத்தை விட்டு அசைந்தால் எங்கோ ஒரு துவாரம் இருக்கின்றது. வடகராவில் இருவர் இறந்த பின்னர் நடத்தப்பட்ட பரிசோதனையை, நாம் எவரும் இறக்கும் முன்னரே நடத்திக்கொள்ளலாம்.

இரவுக்கு அது வேண்டியதில்லை

எவ்வளவு திறம்படப் பூட்டினாலும், எத்தனை கருவிகள் இருந்தாலும், வாகனத்தில் எவரேனும் உறங்கும்போது மின்பிறப்பாக்கி ஓடக்கூடாது. இக்கட்டுரையில் ஏனைய அனைத்தையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

அப்படியாயின் இரவில் மின்சாரத்துக்கு என்ன செய்வது? கணக்கைப் பாருங்கள். 40 வாற்று விசிறி எட்டு மணித்தியாலம் சுழன்றால் 320 வாற்று மணி. 15 வாற்று விளக்குகள் நான்கு மணித்தியாலம் எரிந்தால் 60. மூன்று கைத்தொலைபேசிகளுக்கு 45. மொத்தம் 425. 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி கொண்ட இலித்தியம் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 1,280 வாற்று மணி இருக்கின்றது. அதாவது ஓர் இரவின் தேவைக்கு அதன் மூன்றில் ஒரு பங்கே போதும். சாதாரண ஈயப் பற்றரியாயின் அதன் கொள்ளளவில் பாதியை மட்டும் பயன்படுத்த வேண்டும். அப்போதும் இரவு கழிந்துவிடும். பகலில் வாகனம் ஓடும்போதோ, கூரையிலுள்ள சூரியப் படலத்தாலோ, அனைவரும் வெளியே இருக்கும் வேளையில் மின்பிறப்பாக்கியாலோ பற்றரியை நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு பற்றரியால் இரவு முழுதும் இயக்க முடியாதது குளிரூட்டி மட்டுமே. கண்டியின் இரவுக்கோ நுவரெலியாவின் இரவுக்கோ குளிரூட்டி எதற்கு? திருகோணமலையிலும் அறுகம்குடாவிலும் புழுக்கம் தாங்காதெனில், வெளி மின்சாரத்தில் செருகக்கூடிய தங்குமிடத்தைத் தேடுவதே முறையாகும். வாகனத்தின் சொந்த இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டியில் உறங்குவதும் இதே ஆபத்துடையதே.

நேர்ந்துவிட்டால்

உள்ளே ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால், முதலில் கதவுகள் அனைத்தையும் அகலத் திறந்து மின்பிறப்பாக்கியை நிறுத்த வேண்டும். காப்பாற்றச் செல்பவரும் உள்ளேயே விழுந்துவிடும் சம்பவங்கள் உண்டு. ஆகவே ஒருவரேனும் வெளியே நிற்க, விரைவாக இழுத்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைத்து, மின்பிறப்பாக்கிப் புகை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூச்சில்லையெனில் தெரிந்தவர்கள் செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் அளிக்கலாம்.

கொவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவைக் கருவியை இவ்விடயத்தில் நம்பக்கூடாது. காபனோரொட்சைட்டைச் சுமந்த ஈமோகுளோபினையும் அது ஒட்சிசன் சுமந்ததாகவே காட்டும். கருவி 98 என்று காட்டும், ஆள் இறந்துகொண்டிருப்பார். வைத்தியசாலையில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும். வெளிக்காற்றில் இந்நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். தூய ஒட்சிசன் கொடுத்தால் அது ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலமாகக் குறையும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக வீட்டுக்கு அழைத்துச் செல்லாமல் கண்டி அல்லது பேராதனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியது இதனாலேயே.

யாருடைய பொறுப்பு?

வடகராவில் இறந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர் என்பதை மீண்டும் நினைவூட்ட விரும்புகின்றோம். பயணிகளைப் பத்திரமாகச் சேர்ப்பித்துவிட்டு ஓய்வெடுத்த தொழிலாளர்கள் அவர்கள். நமது நாட்டிலும் சுற்றுலாக் குழு ஹோட்டலில் உறங்கும்போது சாரதி எங்கே உறங்குகின்றார் என்று கேட்டுப்பாருங்கள். பல இரவுகளில் அவர் தமது வாகனத்தின் ஆசனத்தைச் சாய்த்துக்கொண்டு உறங்குகின்றார். கட்டணப் பட்டியலில் அவருடைய அறைக்கு இடமிருப்பதில்லை. அறையில்லாத இரவிலேயே ஜன்னலை அடைத்து இயந்திரத்தை ஓடவிடும் தேவை எழுகின்றது.

ஆகவே வாகன உரிமையாளர் எச்சரிக்கைக் கருவியையும் இரவுக்கான பற்றரியையும் பூட்டித் தர வேண்டும். பயணத்தை ஒழுங்கு செய்வோர் சாரதிக்கும் உதவியாளருக்கும் படுக்க இடம் ஒதுக்க வேண்டும். வாகனத்தை மாற்றியமைக்கும் கராஜ்காரர், தாம் இட்ட ஒவ்வொரு துளையையும் அடைத்த பின்னரே சாவியைக் கையளிக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் குடும்பத்தினரும் தயங்காமல் கேட்கலாம்: மின்பிறப்பாக்கியின் புகை எங்கே போகின்றது? நச்சு வாயுவைக் காட்டும் கருவி எங்கே இருக்கின்றது? சாரதி இன்றிரவு எங்கே உறங்குவார்?

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னர் மலையேறினால், சென்றவர் அனைவரும் திரும்பி வருவர்.